வேலிக்கு இரண்டு பக்கம்

கலிபோர்னியாவில், ஸான்ஹோஸே நகரத்துக்கு அருகே என் அக்காள் மகன் ஒரு வீடு வாங்கியிருக்கிறான். வயது முப்பத்து நாலு. நல்ல சம்பளம்தான். ஆனாலும் அந்த வீட்டின் விலையை அவன் சொன்னபோது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். போன வருஷம் ஐப்பசி மாதத்தில் மூன்று வாரம் அவனோடு போய்த் தங்கினேன். ஒருநாள் காலையில் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அது?" என்றேன்.

"வீட்டு வரி, மாமா. முதல் தவணையை டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும்."

"வரி என்றால் கட்டத்தானே வேண்டும்?"

"கட்டுகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கிறார்களே, அவர்கள் வீடும் இதே அளவு, மனையும் இதே அளவு. நான் கட்டுவதில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை."

"வயதானவர் என்று சலுகை கொடுத்திருப்பார்கள்."

"அதெல்லாம் இல்லை, மாமா. வயதுக்காகவும் இல்லை, ஏழை என்பதற்காகவும் இல்லை. அவர்கள் முன்னால் வாங்கினார்கள், நான் பின்னால் வாங்கினேன். அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் பாட்டியைத் தெரியும். வயது எண்பதுக்குக் குறையாது. தோட்டத்து எலுமிச்சம்பழங்களைச் சிறு கூடையில் போட்டு வேலிக்கு மேலே நீட்டுவாள். அன்று மாலை பேச்சுவாக்கில் இந்த வரி விஷயத்தைக் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. 1971-இல் அந்த வீட்டை வாங்கினார்களாம். கணவர் அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவர். ஐந்தாறு வருஷத்தில் வீட்டின் மதிப்பும் வரியும் ஏறிக்கொண்டே போயின. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் அவருக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது. 1978-இல் வீட்டை விற்றுவிடுவது என்றே முடிவு செய்தார்கள். "அந்த ஜூன் மாதத்துத் தேர்தல் மட்டும் இல்லாவிட்டால் இந்த மரம் என்னுடையதாக இருந்திராது" என்று எலுமிச்சையைக் காட்டினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் பையன் சொல்வது நியாயமாகப் பட்டது. அந்தப் பக்கம் பாட்டி சொல்வதும் நியாயமாகவே பட்டது. இப்படி இரண்டு நியாயங்களை ஒன்றாகப் பார்த்துவிட்டால் கதை எழுதுகிறவனுக்கு நிம்மதி போய்விடும். ஊர் திரும்பியதும் அந்த வரியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். வாசகர்கள் பயப்படவேண்டாம். இது கணக்குப் பாடம் அல்ல, மனிதர்களின் கதைதான்.

அமெரிக்காவில் வீட்டு வரி உள்ளூர் ஸ்தாபனங்களுக்கு உரியது. நகரசபை, பள்ளிக்கூடங்களை நடத்தும் வட்டாரச் சபை, கவுண்டி என்று எல்லாம் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லா மாதிரி. வீட்டை இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதை வைத்துத்தான் அங்கே வரி. அந்த மதிப்பை எழுதுவதற்கு ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு மதிப்பீட்டு அதிகாரி உண்டு. கலிபோர்னியாவில் அவரை ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எல்லாச் சொத்தையும் ஒரே மாதிரி மதிக்கவேண்டும் என்பது சட்டம். நடைமுறை வேறு. சந்தை விலையில் ஒரு பகுதியைத்தான் அதிகாரிகள் ஏட்டில் எழுதினார்கள். கடைக்கும் தொழிற்சாலைக்கும் அந்தப் பகுதி பெரியது, குடியிருக்கும் வீட்டுக்குச் சிறியது. பல வருஷம் வரை மறுமதிப்பீடு செய்யாமலே விட்டுவிடுவதும் உண்டு. என்றைக்கோ எழுதிய எண்ணே ஒரு விதவையின் வீட்டுக்கு நேராக நின்றுகொண்டிருக்கும். அதற்குச் சலுகை என்று பெயர் இல்லை, சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை. வீட்டுக்காரர்களிடம் வோட்டு இருந்தது. அதிகாரிக்கு வோட்டு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் ஏட்டில் எண்ணைக் குறைத்து எழுதும் அதிகாரம் உள்ளவனிடம், இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பணத்தோடு வருகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? 1965-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் குட்டு உடைந்தது. வியாபார நிறுவனங்களின் வரியைக் குறைத்துக் கொடுக்கப் பணம் கைமாறிய விவரம் பத்திரிகையில் வந்தது. நகரத்தின் மதிப்பீட்டு அதிகாரி ரஸ்ஸல் வோல்டன் மீது வழக்கு நடந்தது. 1966-இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. வேறு சில கவுண்டிகளிலும் இதே கதை வெளிவந்தது.

சட்டசபை சும்மா இருக்குமா? அதே 1966-இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. நிக்கலஸ் பெட்ரிஸ், ஜான் நாக்ஸ் என்ற இரண்டு உறுப்பினர்கள் கொண்டுவந்தது. வீடானாலும் கடையானாலும் இனிமேல் சந்தை விலையில் 25 சதவீதத்தையே வரிக்குரிய மதிப்பாக எழுதவேண்டும். விலை ஏற ஏற மதிப்பையும் திருத்தவேண்டும். ஒளிவு மறைவு இல்லாத, நேர்மையான சட்டம்.

அதன் விளைவுதான் விசித்திரம். ஸான்பிரான்ஸிஸ்கோவில் வீடுகளின் மதிப்பு அதுவரை 25 சதவீதத்துக்கு வெகு கீழே இருந்தது. அதை 25-க்கு உயர்த்தியதும் வீட்டுக்காரர்களின் வரி குபீரென்று ஏறிற்று. வியாபாரக் கட்டடங்களில் பல 25-க்கு மேலே இருந்தவை. அவற்றின் வரி இறங்கிற்று. கொஞ்ச நாளில் அந்த நகரத்தில் ஓடிய கார்களின் பின்புறத்தில் ஒரு வாசகம் ஒட்டப்பட்டிருந்தது: "பழைய திருட்டு அதிகாரியையே திருப்பிக் கொண்டுவாருங்கள்!"

இதைப் படித்தபோது முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த ஜனங்கள் லஞ்சத்தை விரும்பியவர்கள் அல்ல. லஞ்சம் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் கொஞ்சம் கருணையும் உட்கார்ந்திருந்தது. சீர்திருத்தக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே வெளியே தள்ளிவிட்டார்கள். கருணையை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கவேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதுதான் பிறகு வந்த பத்து வருஷத்துக் கேள்வி.

விடை தெரியாமல் இல்லை. 1964-லேயே விஸ்கான்ஸின் மாநிலம் ஒரு வழி கண்டிருந்தது. மின்சாரம் மிகையாகப் பாய்ந்தால் வீட்டு மின்பெட்டியில் ஒரு விசை தானாகவே கீழே விழுந்து ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது அல்லவா? அந்த விசையின் பெயரையே இந்த ஏற்பாட்டுக்கும் வைத்தார்கள். வயதான, வருமானம் குறைந்த குடும்பத்தில், வருமானத்தைப் பார்க்க வீட்டு வரி தாங்கமுடியாத அளவுக்குப் போனால், மிகையான பகுதியில் ஒரு பங்கை மாநில சர்க்கார் திருப்பிக் கொடுத்துவிடும். வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் வரியை வாடகையோடு சேர்த்துத்தானே வசூலிக்கிறார்? கலிபோர்னியாவும் 1967-இல் இந்த வழியில் ஓர் அடி எடுத்து வைத்தது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சட்டம் வந்தது.

அந்த ஒரு அடியோடு நின்றுவிட்டார்கள். எழுத்துக் கோக்கும் தொழிலாளி முப்பது வயதில் வரிக்குத் தவித்தால் அவனுக்கு அதில் இடம் இல்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் எல்லோருக்குமாக 1968-இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். 1972-இல் அதைக் கூட்டினார்கள். சந்தை விலையில் 7,000 டாலருக்கு வரி இல்லை என்று ஆயிற்று. வீடு 25,000 டாலருக்கு விற்ற காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் விலை ஏறும்போது கூடவே ஏறும் என்று யாரும் எழுதவில்லை. இன்றைக்கும் அது 7,000 டாலர்தான். என் அக்காள் மகனுக்கும் அது உண்டு. வருஷத்துக்கு ஏறக்குறைய 70 டாலர் மிச்சம். அதை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடலாம்.

எழுபதுகளின் நடுவில் கலிபோர்னியாவில் வீட்டு விலை பறந்தது. பல இடங்களில் நாலைந்து வருஷத்துக்குள் இரட்டிப்பாயிற்று. சட்டமோ மதிப்பை உடனுக்குடன் திருத்தச் சொல்கிறது. வீட்டின் விலை இரட்டித்தால் வீட்டுக்காரன் பணக்காரன் ஆகிவிட்டானா? விற்றால்தான் பணம். குடியிருக்கிறவரையில் அது பழைய கூரை, பழைய அடுப்பங்கரை. ஆனால் வரியை மட்டும் புதுப் பணத்தில் கட்டவேண்டும்.

இந்தச் சமயத்தில் மாநில சர்க்காரின் கஜானாவில் உபரி குவிந்துகொண்டிருந்தது. 1978-இல் அது 500 கோடி டாலரைத் தாண்டியது. 1977-இல் வருமானத்தை அளவுகோலாக வைத்து நிவாரணம் கொடுக்கும் மசோதா ஒன்று சட்டசபையில் விவாதத்துக்கு வந்தது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று பேசிப் பேசியே கூட்டத் தொடர் முடிந்துவிட்டது. மசோதா நிறைவேறவில்லை. அச்சாபீஸ் தொழிலாளிக்கு அடுத்த கடிதம் மட்டும் தவறாமல் வந்தது.

அப்போது மேடையேறியவர் ஹோவர்ட் ஜார்விஸ். யூட்டா மாநிலத்தில் 1903-இல் பிறந்தவர். இளமையில் சிறு பத்திரிகைகள் நடத்தியவர், பிறகு தொழிற்சாலை வைத்துச் சம்பாதித்து ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, கனத்த குரல். 1962-லிருந்தே வரியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி வந்தார். வெகுகாலம் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. பால் கான் என்பவரோடு சேர்ந்து 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துக்கள் வாங்கி, ஜனங்களின் நேர் வோட்டுக்கு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். வோட்டுச் சீட்டில் அதற்கு 13 என்று எண்.

சட்டசபையும் விழித்துக்கொண்டு, குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும் வரி விகிதத்தைக் குறைக்கும் திட்டம் ஒன்றை அதே சீட்டில் போட்டியாக வைத்தது. காலம் கடந்துவிட்டது. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, மே மாதத்தில், லாஸ் ஏஞ்ஜல்ஸ் மதிப்பீட்டு அதிகாரி அந்த வருஷத்துப் புதிய மதிப்புக்களை வெளியிட்டார். பலருடைய வீட்டு மதிப்பு ஒரேயடியாக இரட்டித்திருந்தது. 1978 ஜூன் 6-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 65 பேருக்குக் கொஞ்சம் குறைவாக 13-ஐ ஆதரித்து வோட்டுப் போட்டார்கள். நம் பாட்டியும் அவள் கணவரும் அவர்களில் இருவர்.

திட்டத்தின் சாரம் இதுதான். ஏற்கெனவே ஜனங்கள் ஒப்புக்கொண்ட கடன்களுக்கான தொகை போக, வரி சொத்து மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பழைய சொந்தக்காரர்களுக்கு 1975-ஆம் வருஷத்து மதிப்பே அடிப்படை. வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் அதை உயர்த்தக்கூடாது. வீடு கைமாறினால் மட்டும், விற்ற விலைக்கே புதிய மதிப்பு. இதை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள்.

வீட்டு வரி வசூல் ஒரே வருஷத்தில் பாதிக்குமேல் விழுந்தது. நூலகங்கள் திறந்திருக்கும் நேரம் குறைந்தது. கோடை வகுப்புக்களை நிறுத்தினார்கள். குவிந்திருந்த உபரியை மாநிலம் உள்ளூர் ஸ்தாபனங்களுக்குக் கொட்டிக் கொடுத்து அவற்றைக் காப்பாற்றிற்று. பிற்காலத்தில் நகரசபைகள், புதிதாகக் கட்டும் வீடுகள்மேல் கட்டணங்களைப் போட்டு வருமானம் தேடின. அந்தக் கட்டணங்களும் புது வீடு வாங்குகிறவன் தலையிலேயே விடிந்தன.

ஏழைகளுக்கு என்ன கிடைத்தது? ஜார்விஸ், லாஸ் ஏஞ்ஜல்ஸ் அடுக்குமாடி வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கத்தில் சம்பளத்துக்கு இருந்தவர் என்பதையும் சொல்லவேண்டும். வரி குறைந்தால் வீட்டுக்காரர்கள் வாடகையைக் குறைப்பார்கள் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தேர்தல் முடிந்தது, வரி குறைந்தது, வாடகை பெரும்பாலும் குறையவில்லை, பல இடங்களில் ஏறக்கூட ஏறிற்று. குடித்தனக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரசபை அந்த ஆகஸ்டு மாதமே வாடகையை உயர்த்தத் தற்காலிகத் தடை போட்டது. 1979-இல் பக்கத்து நகரமான ஸான்டா மோனிகாவில் ஜனங்களே வோட்டுப் போட்டு வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சொந்த வீடு இல்லாதவனுக்கு வீட்டு வரிச் சலுகை வந்து சேரும் வழி அத்தனை கோணலாக இருந்தது.

பின்னால் வந்தவர்கள் கதையும் நீதிமன்றம் ஏறிற்று. லாஸ் ஏஞ்ஜல்ஸில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு பெண் வக்கீல் 1988-இல் 170,000 டாலருக்கு ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். அவருக்கு 1,701 டாலர் வரி வந்தது. அதே மாதிரி வீட்டில் 1975-லிருந்து இருந்தவர்களுக்கோ 358 டாலர். கடற்கரையில் மாலிபுவில், 21 லட்சம் டாலர் பெறுமான மாளிகையின் பழைய சொந்தக்காரர் கட்டிய வரியும் ஏறக்குறைய இவருடைய வரிதான். வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1992-இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் வரி முறை செல்லும் என்றார்கள். பழைய குடிகள் பெயராமல் இருப்பது ஊருக்கு நல்லது. புதிதாக வாங்குகிறவர் இன்ன வரி வரும் என்று தெரிந்தே வாங்குகிறார், வேண்டாமென்றால் வாங்காமல் இருக்கலாம் - இதுதான் வாதம். ஸ்டீவன்ஸ் என்ற ஒரு நீதிபதி மட்டும் ஒப்பவில்லை. முன்னால் வந்தார்கள் என்பதற்காகவே சிலரைப் பழைய காலத்து மிராசுதார்கள்போல் ஆக்குவது நியாயமல்ல என்பது அவர் கருத்து.

மிராசு என்றால் பரம்பரையும் உண்டே! 1986-இல் அதுவும் வந்தது. பெற்றோர் வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பழைய மதிப்பே தொடரும் என்று ஜனங்கள் வோட்டளித்தார்கள். பிள்ளை அந்த வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தாலும் அந்தச் சலுகை உண்டு. 2020-இல்தான் அதைச் சுருக்கி, பிள்ளையே அதில் குடியிருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வியாபார நிறுவனங்களுக்கும் 13-ஆம் திட்டத்தின் பலன் உண்டு. மனிதன் என்றைக்காவது வீட்டை விற்பான், அல்லது செத்துப்போவான். கம்பெனிக்குச் சாவு கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட என் மனசை உறுத்தியது வேறொன்று. 1967-இல் வந்த அந்தச் சின்னச் சட்டம், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு உதவியது, என்ன ஆயிற்று? அதற்கு வருஷா வருஷம் வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கவேண்டும். 2008-இல், சர்க்காருக்குப் பண நெருக்கடி வந்தபோது, அந்த ஒதுக்கீட்டை அடித்துவிட்டார்கள். 2016-இல் வரியைக் கட்டாமல் தள்ளிப்போடும் வசதி ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அது கடன்தான், ஒருநாள் வட்டியோடு கட்டவேண்டும். தேதியைப் பார்த்துக் கொடுக்கும் சலுகையையோ எந்த நெருக்கடியும் தொடவில்லை. அது சாசனத்தில் இருக்கிறது. தேவையைப் பார்த்துக் கொடுத்த உதவி பட்ஜெட்டில் இருந்தது. பட்ஜெட்டில் இருப்பதை ஒரு பேனாக் கீறலால் எடுத்துவிடலாம்.

ஜார்விஸைத் திட்டுவது சுலபம். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. உபரியைக் கையில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தொழிலாளிக்கு வழிசொல்லத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார்களே, அவர்கள்மேல்தான் வருகிறது. கஷ்டப்படுகிறவனைப் பார்த்து, அவன் கஷ்டத்தின் அளவுக்கு உதவி செய்திருந்தால் அவன் மிராசு கேட்டிருக்கமாட்டான்.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, பாட்டி வழக்கம்போல் கூடையை நீட்டினாள். என் பையன் எவ்வளவு வரி கட்டுகிறான் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூட ஆசிரியையாம். வேலை இந்த ஊரில்தான். வீடு இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். இங்கே வீடு வாங்க அவள் சம்பளம் போதவில்லை. விடியுமுன் காரில் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள்.

"நான் போன பிறகுதான் அவளுக்கு இந்த ஊரில் ஒரு வீடு" என்றாள் பாட்டி.

உள்ளே வந்தேன். அக்காள் மகன் வரிக் காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டிருந்தான். கூடையை அவனிடம் கொடுத்தேன். பாட்டி சொன்னதையும் சொன்னேன். அவன் ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே சற்று நேரம் நின்றான்.

"சனிக்கிழமை அவர்கள் மகள் வருவார்களாம். சாப்பிடக் கூப்பிடட்டுமா, மாமா?" என்றான்.